ஆளில்லாத தோட்டத்துக்கு மண்ணுக்குள் காவல் வைக்கலாமா?

கீழ்மலை எழுதியது:
கொடைக்கானல் கீழ்மலையில் எங்களுக்குப் பதினோரு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கிறோம். நான் மதுரையில் வேலை பார்ப்பதால் மாதத்துக்கு இரண்டு முறைதான் போய்வர முடிகிறது. சென்ற தை மாதத்தில், பறிப்புக்கு ஆள் சொல்லியிருந்த வாரத்துக்கு முந்தைய வாரம், கீழ்ச்சரிவின் கொடிகள் அத்தனையையும் ஒரே இரவில் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். என் கணக்கில் பச்சை மிளகு நானூறு கிலோவுக்குக் குறையாது. தார்ச்சாலையிலிருந்து காப்பி, மிளகு காயவைக்கும் களம் வரை மூன்று கிலோமீட்டர் ஜீப் ரோடு. களத்தை ஒட்டிய குடிசையில் வயதான காவல்காரரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். மின்சாரம் களம் வரை வருகிறது. கைபேசிச் சமிக்ஞையோ மேலே மொட்டைப்பாறையில்தான் கிடைக்கும். மண்ணில் புதைத்துவைத்தால் ஆள் நடமாட்டத்தைச் சொல்லும் உணரிகள் (சென்சார்) விற்பனைக்கு வந்திருப்பதாக அறிகிறேன். அவற்றை நம்பிப் பணம் போடலாமா?

அலைவரிசை எழுதியது:
தாராளமாகப் போடலாம் என்பது என் கருத்து. நீங்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் ஜியோஃபோன் வகை உணரியாக இருக்கும். ஒரு காந்தமும், வில்லில் தொங்கும் கம்பிச்சுருளும்தான் அதன் உள்ளடக்கம். காலடி பட்டு மண் அதிரும்போது சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. நடக்கும் மனிதன் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறான் என்பதால், அந்தத் தாளத்தைக் கொண்டு உள்ளிருக்கும் சில்லு ஆள் என்று முடிவு செய்கிறது. இறுகிய மண்ணில் பத்து முதல் முப்பது மீட்டர் வரை எட்டும். எந்நேரமும் விழித்திருக்க வேண்டியது அதிர்வைக் கவனிக்கும் பகுதி மட்டுமே, வானொலிப் பகுதி தேவைப்படும்போதுதான் எழும் என்பதால் ஒரு லித்தியம் மின்கலமே நெடுநாள் தாங்கும். செய்தியை அனுப்ப, குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் சிறு செய்திகளை அனுப்பும் லோரா என்ற வானொலி முறை போதும். அது பயன்படுத்தும் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் உரிமம் வேண்டியதில்லை. உங்கள் மொட்டைப்பாறையில் சூரிய மின்பலகையுடன் ஓர் இடைநிலையம் வைத்துவிட்டால் செய்தி மதுரைக்கே வந்துசேரும்.

மிளகுக்கொடி எழுதியது:
இதே நம்பிக்கையுடன் சிறுமலைப் பக்கத்துத் தோட்டத்தில் நான்கு உணரிகளைப் புதைத்து இரண்டு ஆண்டுகள் பட்டவன் நான் என்பதால், என் அனுபவத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் வாரம் வியப்பாகத்தான் இருந்தது. அதன் பிறகு காட்டுமாடு வந்தது, பன்றி வந்தது, பக்கத்துத் தோட்டத்து நாய்கள் வந்தன. அவை ஒவ்வொன்றுக்கும் அது கூவியது. காற்றடித்தால் மரம் ஆடுகிறது, வேர் அந்த ஆட்டத்தை மண்ணுக்குள் இறக்குகிறது, அதற்கும் கூவியது. ஐப்பசி மழையில் சொல்லவே வேண்டாம். இரவுக்குப் பன்னிரண்டு முறை என்று வைத்துக்கொண்டாலும், தொண்ணூறு நாள் பருவத்துக்கு ஆயிரத்து எண்பது அழைப்புகள் ஆகின்றன. அவற்றில் உண்மையான திருடன் ஒன்றோ இரண்டோ. மூன்றாவது வாரமே என் காவல்காரர் பெட்டியை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கத் தொடங்கினார். அதை நான் இரண்டு மாதம் கழித்தே அறிந்தேன். ஆனால் அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

அந்தப் பணத்தில் இன்னொரு ஆளுக்குச் சம்பளமும் இரண்டு நாட்டு நாய்களுக்குச் சோறும் போட்டிருக்கலாம். நாய்க்கு ஆளுக்கும் பன்றிக்கும் வேறுபாடு தெரியும்; அதன் குரைப்பே அதைச் சொல்லிவிடும்.

சிப்பாய் எழுதியது:
பொய் அழைப்பு என்பது உங்கள் தோட்டத்துக்கு மட்டும் வந்த நோயன்று. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கைப் பிரிவு, மெக்சிகோ, கனடா எல்லைகளில் புதைத்த உணரிகளைப் பற்றி 2005-இல் அளித்த அறிக்கையில், ஆய்ந்து பார்த்த அழைப்புகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேலானவை உள்ளூர் வண்டி, ரயில், விலங்கு போன்றவற்றால் எழுந்தவை என்று பதிவுசெய்தது. அதற்கும் முன்னால், வியட்நாம் போரின்போது, 1968 முதல் லாவோஸ் காட்டில், வடவியட்நாம் படைக்குச் சரக்கு சென்ற ஹோ சி மின் பாதை நெடுகிலும் அமெரிக்கர்கள் விமானத்திலிருந்து உணரிகளை எறிந்தார்கள். ஈட்டி போல மண்ணில் குத்தி நின்றுகொள்ளும் அவற்றின் வானலைக் கம்பி, செடியைப் போலச் செய்யப்பட்டிருந்தது. அவை அனுப்பிய செய்திகளைத் தாய்லாந்தின் நகோன் பனோம் தளத்தில் ஐபிஎம் கணினிகள் அலசின. இத்தனை ஏற்பாடு இருந்தும் அந்தப் பாதை அடைபடவில்லை.

ஆனாலும் இதைக் கொண்டு உணரியே வீண் என்று சொல்ல மாட்டேன். நம் எல்லைப் பாதுகாப்புப் படை 2018 செப்டம்பரில் ஜம்முவில் இரண்டு இடங்களில், தலா ஐந்தரை கிலோமீட்டர் தூரத்துக்கு, நிலத்தடி உணரிகளையும் வெப்பக் கேமராக்களையும் பிறவற்றையும் ஒரே கட்டுப்பாட்டு அறையோடு இணைத்தது. அங்கே அழைப்பு வந்தால் புறப்பட்டுச் செல்ல ஆயுதமேந்திய ஆட்கள் இருக்கிறார்கள். கீழ்மலை ஐயா மதுரையில் இரவு ஒன்றரை மணிக்குக் கைபேசியைப் பார்த்துவிட்டு என்ன செய்வார் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

விவசாயி72 எழுதியது:
எதற்கு இவ்வளவு கஷ்டம்? வேலிக்கு இரவில் மின்சாரம் கொடுத்துவிட்டால் ஒருவனும் வரமாட்டான்.

சிப்பாய் எழுதியது:
தயவுசெய்து இந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட கள்ள மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. உயிர்தப்பிய இரண்டு குட்டிகள் தாயின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தன. யானை இல்லாவிட்டால் அதில் விழப்போவது உங்கள் காவல்காரர்தான்.

அலைவரிசை எழுதியது:
மிளகுக்கொடி அவர்கள் பட்டது உண்மை. ஆனால் குறை உணரியில் இல்லை, அதை வைத்த இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லை முழுவதும் காவல் காக்க முயன்றால் காடு முழுவதும் பேசத்தான் செய்யும். திருடன் எதைச் செய்யாமல் இருக்க முடியாது என்று பார்க்க வேண்டும். பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆகவே கொடியிலிருந்து திருடுகிறவன், விற்கும் சரக்கைப் போல மூன்று மடங்கு எடையைச் சுமக்கிறான். நானூறு கிலோ என்றால் பத்து மூட்டை. ஒரே இரவில் அதைத் தலைச்சுமையாக மூன்று கிலோமீட்டர் இறக்குவது எளிதன்று. வண்டி வந்திருக்க வேண்டும்.

வண்டிக்கு ஜியோஃபோன் தேவையில்லை. பூமியின் காந்தப்புலத்தில் இரும்பு உண்டாக்கும் சிறு மாற்றத்தைப் பிடிக்கும் காந்த உணரியை, ஜீப் ரோடு குறுகும் இடத்தில் ஓரமாகப் புதைத்தால் போதும். ஜீப்பைச் சில மீட்டரிலிருந்தும், பைக்கை அதைவிடச் சற்று நெருக்கத்திலும் அது அறியும். காட்டுமாட்டின் உடம்பில் அதை ஏமாற்றும் அளவுக்கு இரும்பு இல்லை. இடி மின்னல் நேரத்தில் சிலவேளை தடுமாறும்; அதை ஒத்துக்கொள்கிறேன்.

மிளகுக்கொடி எழுதியது:
வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் ஐந்து பேர் ஒற்றையடிப் பாதையில் இரண்டு நடை நடந்து, அடுத்த ஊர் எல்லையில் நிறுத்திய வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். உங்கள் காந்தம் அவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கும். பாதைக்கும் ஜியோஃபோன் வைப்பீர்கள் என்றால், அந்தப் பாதையில் தேனுக்கும் விறகுக்கும் விடியுமுன் போகிற பளியர் பழங்குடிக் குடும்பங்களும் உங்கள் பெட்டிக்கு அந்நியர்களே. தலைமுறைகளாக நடக்கிறவர்களைத் திருடர் பட்டியலில் சேர்க்கும் கருவியை என் தோட்டத்தில் நான் வைக்க மாட்டேன்.

அலைவரிசை எழுதியது:
பாதைக்குக் கேமரா வைப்பதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் அதிர்வு உணரி யாருடைய முகத்தையும் பிடிப்பதில்லை. பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் மட்டும் பேசும்படி அமைத்துவிடலாம். அதோடு நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டைப் புதைத்து, முதலாவது எழுந்து ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் இரண்டாவதும் எழுந்தால் மட்டுமே அழைக்கச் சொன்னால், மேய்ந்துகொண்டு நிற்கும் மாடு பெரும்பாலும் விலகிவிடும்.

மிளகுக்கொடி எழுதியது:
எங்கள் மாடுகள் பாதையைவிட்டு விலகி நடக்கும் என்று அவற்றுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆள் போட்ட தடத்தில்தான் அவையும் நடக்கின்றன. நேர வரம்பை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

கீழ்மலை எழுதியது:
முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். திருட்டு நடந்த மறுநாள் காலையில் இரண்டாவது வளைவின் ஈர மண்ணில் அகலமான டயர் தடம் இருந்ததாகக் காவல்காரர் சொன்னார். நான் போய்ச் சேர்வதற்குள் வேறு வண்டிகள் ஏறி அது அழிந்துவிட்டது. அந்த வளைவிலிருந்து எங்கள் குடிசைக்கு நேர்த்தூரம் எண்ணூறு மீட்டர் இருக்கும். நடுவில் ஒரு மேடு மட்டும் இருக்கிறது.

அலைவரிசை எழுதியது:
அப்படியானால் அந்த வளைவில் ஒரே ஒரு காந்த உணரி வையுங்கள். மேட்டின்மேல் உயரமான மரத்தில் ஓர் இடைநிலையத்தைக் கட்டினால் குடிசைக்குச் செய்தி வந்துவிடும்.

மிளகுக்கொடி எழுதியது:
ஒன்று என்றால் நானும் தடுக்கவில்லை. இரண்டு நிபந்தனைகள் மட்டும் உண்டு. மணி முதலில் காவல்காரர் குடிசையில் அடிக்க வேண்டும், உங்கள் கைபேசியில் அல்ல. மணி அடித்தால் அந்தப் பெரியவர் தனியாக இருட்டில் இறங்கக்கூடாது. களத்துப் பெரிய விளக்கைப் போட்டுவிட்டுத் தகரத்தைத் தட்டினால் போதும், வண்டி திரும்பிவிடும். அவருக்கு இது பிடிக்கவில்லை என்றால் பெட்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

கீழ்மலை எழுதியது:
நேற்று அவரிடம் பேசினேன். மணி அடிப்பதில் அவருக்கு மறுப்பில்லை, ஆனால் அதை நிறுத்தும் பொத்தான் தம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறார். அவர் மனைவியோ எது வந்தாலும் வரட்டும், முதலில் ஒரு நாய்க்குட்டி வேண்டும் என்று சொல்லிவிட்டார். கார்த்திகைக்குள் இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்க்க எண்ணியிருக்கிறேன். காந்த உணரியை அந்தச் செம்மண்ணில் எவ்வளவு ஆழத்தில் புதைப்பது என்பதை மட்டும் அலைவரிசை அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அலைவரிசை எழுதியது:
ஒரு சாண் ஆழம் போதும். காந்தம் மண்ணைப் பொருட்படுத்துவதில்லை. தண்ணீர் தேங்காத மேட்டுப்பக்கமாகப் பார்த்துப் புதையுங்கள். வானலைக் கம்பியை மட்டும் வெளியே விடுங்கள். பன்றி கிளறாமலிருக்க மேலே ஒரு பலகைக்கல்லை வைத்துவிடுங்கள்.