சந்து கான்கிரீட்டை நாமே வெட்டலாமா, ஆள் கூப்பிட வேண்டுமா?

தண்டையார்பேட்டை தினா
வணக்கம். அப்பா 90களில் கட்டிய வீடு, தரையும் ஒரு மாடியும். இப்போது இரண்டு வேலை நிற்கிறது. ஒன்று, பக்கத்துச் சந்தில் கழிவுநீர் பைப் உடைந்துவிட்டது. 14 அடி நீளம், அதன் மேலே 4 அங்குல கனத்தில் கான்கிரீட். அதை எடுத்துவிட்டு பிவிசி போட வேண்டும். இரண்டாவது, மாடி பால்கனியில் மழைத்தண்ணீர் வீட்டுச் சுவர் பக்கமே தேங்கி, உள்ளே ஓதம் ஏறுகிறது. சுவர் ஓரமாக நீளத்துக்கு ஓர் அங்குல ஆழத்தில் காடி (நீளமான பள்ளம்) எடுத்து, மூலையில் வெளியே விடலாம் என்று யோசனை.

இரண்டுக்கும் சேர்த்து ஒருவர் எட்டாயிரம் கேட்கிறார். 4 அங்குல கட்டிங் மிஷினே பாரிமுனையில் மூவாயிரத்துக்குள் கிடைக்கிறது. நானே வெட்டலாமா? கிரைண்டர் வாங்கப் போகிறேன் என்றதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், மாவரைக்க என்று நினைத்துக்கொண்டார்.

பழைய ஃபிட்டர்
தாராளமாக வெட்டலாம் தம்பி. நான் பெரம்பூர் லோகோ ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 31 வருடம் மிஷினோடு இருந்தவன். ரிட்டயர் ஆன பிறகு என் வீட்டுக் கார் நிறுத்தும் தரையை நான்தான் வெட்டினேன்.

முதலில் ஒன்று. அந்தச் சின்ன பிளேடு 4 அங்குல கான்கிரீட்டை ஊடுருவாது. நடுவில் நட்டும் வாஷரும் பிடிக்கிற இடம் போனால் முப்பது மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இறங்கும். அது போதும். சந்தின் நீளத்துக்கு ஓரடி இடைவெளியில் இரண்டு கோடு வெட்டுங்கள். பிறகு கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் மிஷினை வாடகைக்கு எடுத்து நடுவில் மட்டும் உடையுங்கள். வெடிப்பு ஓடிவந்து அந்தக் கோட்டில் நின்றுவிடும், பக்கத்துத் தரை பெயராது. கோடு போடாமல் சம்மட்டியால் அடித்தால் ஓரடிக்குப் பதில் மூன்றடி பெயர்ந்து வரும், அப்புறம் அதற்கும் சிமெண்ட் வாங்க வேண்டும்.

ஒரே மூச்சில் அழுத்தாதீர்கள். முதல் தடவை நகக்கண் அளவு ஆழம், ஒரு இரும்பு ஆங்கிளை அணைவாக வைத்து நேராக. இரண்டாவது, மூன்றாவது தடவையில் ஆழம். வெட்டுக்குள் பிளேடு இருக்கும்போது மிஷினைத் திருப்பக் கூடாது. பால்கனியும் இதே கதைதான், அரை நாள் வேலை.

வியாசர்பாடி மேஸ்திரி
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், ஒர்க்‌ஷாப்பும் வீடும் ஒன்றில்லை. அங்கே மிஷின் தரையில் போல்ட் போட்டு நிற்கும். இங்கே மிஷின் மனுஷன் கையில் நிற்கிறது.

என்னிடம் வேலை பார்த்த ஒரு பையன், நாலு வருடம் கட்டிங் தெரிந்தவன். கொடுங்கையூரில் ஒரு வீட்டில் குந்தி உட்கார்ந்து தரை வெட்டிக்கொண்டிருந்தான், லுங்கியில். பிளேடு வெட்டுக்குள் ஒரு நொடி சிக்கி, மிஷின் பின்பக்கமாக உதறியது. லுங்கியைச் சுருட்டி இழுத்துக்கொண்டு தொடையில் இறங்கிவிட்டது. பதினொரு தையல். துணி சுற்றி மிஷின் திணறி நின்றதால் அதோடு போயிற்று. கட்டிங் தெரிந்தவனுக்கே அந்தக் கதி. தினா தம்பி யூடியூபில் ரெண்டு வீடியோ பார்த்துவிட்டு இறங்கப் போகிறார். மிச்சமாகப் போகும் ஐயாயிரத்தை ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டாம்.

பழைய ஃபிட்டர்
மேஸ்திரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பையன் மிஷினில் பிளேடு மூடி இருந்ததா?

வியாசர்பாடி மேஸ்திரி
இல்லை. மூடியோடு சுவர் ஓரம் வெட்ட முடியாது என்று எல்லாரும் கழற்றிவிடுகிறார்கள்.

பழைய ஃபிட்டர்
அதைத்தான் கேட்டேன். ஆக, ஆள் கூப்பிட்டால் பாதுகாப்பு என்பது கதை. மூடியைக் கழற்றிவிட்டு லுங்கியில் வந்து உட்காருகிற ஆளைத்தான் தம்பி கூப்பிடப் போகிறார். நிமிடத்துக்கு 11,000, 12,000 சுற்று ஓடுகிற மிஷின் அது. 110 மில்லிமீட்டர் பிளேடின் விளிம்பு மணிக்கு சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தினா பேண்ட், ஷூ போட்டு, மூடியைக் கழற்றாமல், கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடித்து, வெட்டுக் கோட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்றுத் தள்ளி நின்றால் உங்கள் பையனைவிடப் பத்திரமாக வெட்டுவார்.

ஆழம் வேண்டும் என்று சின்ன மிஷினில் 7 அங்குல பிளேடு மாட்டுகிற பைத்தியக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிளேடு தாங்கும் உச்ச வேகம் 8,500 சுற்று. பிளேடு மேலேயே அச்சடித்திருக்கும், யாரும் படிப்பதில்லை.

மூன்றாம் மாடி
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கொருக்குப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் இப்படித்தான் "நானே வெட்டுகிறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்தார். வெள்ளைப் புழுதி மூன்று மாடி ஏறி எங்கள் வீட்டு சோற்றுப் பானை வரை வந்தது. ஏற்கனவே எண்ணூர் சாம்பலும் மணலி புகையும் தின்று வாழ்கிறோம், இதுவும் வேண்டுமா?

வியாசர்பாடி மேஸ்திரி
தூசு ஒரு நாள் சமாச்சாரம் மேடம். துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டினால் சரி. 20 வருடமாக இதில் இருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

கம்பிக்கணக்கு
கட்டட வடிவமைப்பு என் தொழில். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், தூசை முதலில் முடித்துவிடுகிறேன்.

மணலிலும் ஜல்லியிலும் இருப்பது சிலிகா. கான்கிரீட்டை உலர வெட்டும்போது அது கண்ணுக்குத் தெரியாத பொடியாகிறது. உங்கள் மூக்கில் வெள்ளையாகப் படிகிறதே, அது பெரிய தூள், அதனால் பெரிய கெடுதல் இல்லை. நுரையீரலின் அடி வரை போவது கண்ணுக்கே தெரியாதது, அதைத் துண்டு நிறுத்தாது. இந்தத் தூளால் வரும் நுரையீரல் நோய் சிலிகோசிஸ். அது வந்த நுரையீரல் பழையபடி ஆவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997லேயே இந்தத் தூளை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாகச் சேர்த்துவிட்டது. அமெரிக்காவில் 2016ல் போட்ட விதிப்படி, எட்டு மணி நேர சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்குமேல் இருக்கக் கூடாது. ஒரு சிட்டிகை உப்பைவிட எத்தனையோ மடங்கு குறைவு.

மேஸ்திரி அண்ணா, தினாவுக்கு ஒரு நாள் என்று நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நோய் பெரும்பாலும் வருடக்கணக்காக மூச்சில் இழுத்தவர்களுக்குத்தான் வருகிறது. அப்படியானால் தினமும் வெட்டுகிற உங்கள் பையனுக்கு? அவனுக்கு என்-95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். ஒருவரை தண்ணீர் ஊற்ற வையுங்கள், தூள் வெகுவாகக் குறையும். மூன்றாம் மாடிக்கும் நிம்மதி.

வியாசர்பாடி மேஸ்திரி
தண்ணீர் ஊற்றினால் ஷாக் அடிக்கும் மேடம். கரண்ட் மிஷினில் தண்ணீர் ஊற்றச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

பழைய ஃபிட்டர்
இதில் மேஸ்திரி பாதி சரி. பெட் பாட்டில் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பிளேடு கான்கிரீட்டைத் தொடுகிற இடத்தில் நூல் மாதிரி விட வேண்டும். மிஷின் மேல் அல்ல. வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச், இருந்தால்தான் இதைச் செய்யலாம். அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பல வீடுகளில் அது போர்டில் அழகுக்கு மட்டும் உட்கார்ந்திருக்கும். வெறுங்காலோடு தண்ணீரில் நிற்கக் கூடாது. மிஷின் வயரைத் தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள், சேற்றில் கிடக்க வேண்டாம்.

அந்தச் சேறும் சிமெண்ட்தான். வாருகாலில் கழுவி விட்டால் இறுகி அடைத்துக்கொள்ளும். உடைந்த பைப்பை மாற்றப் போய் பக்கத்து சேம்பரை அடைத்த கதையாகிவிடும். சட்டியில் வாரி எடுங்கள்.

தண்டையார்பேட்டை தினா
ஆர்சிசிபி இருக்கிறது, டெஸ்ட் பட்டன் வேலை செய்கிறது. மேடம், இரண்டாவது விஷயம் என்ன?

கம்பிக்கணக்கு
பால்கனி. அதைத் தொடாதீர்கள். நீங்களும் வேண்டாம், மேஸ்திரியும் வேண்டாம்.

கையை நேராக நீட்டி ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிப் பாருங்கள். எங்கே இழுக்கிறது? தோளின் மேல்பக்கம். சுவரிலிருந்து நீண்டு தொங்குகிற பால்கனியும் அப்படித்தான். அறைக்கு மேலே இருக்கிற சாதாரண தளத்தில் நடுப்பகுதியின் முக்கியக் கம்பி அடியில் ஓடும். தொங்கும் பால்கனியிலும் சன்ஷேடிலும் அது மேலே ஓடும், சுவரிலிருந்து வெளிப்பக்கமாக. இழுப்பு அதிகமாக இருக்கும் இடம் சுவர் ஓரம். நீங்கள் காடி எடுக்கப் போவதும் அதே சுவர் ஓரம்தான், அதுவும் அத்தனை கம்பிக்கும் குறுக்கே. எட்டு அடி பால்கனி, ஆறு அங்குலத்துக்கு ஒரு கம்பி என்று வையுங்கள். 16 கம்பி. அந்தக் காலத்து வீடுகளில் கம்பிக்கு மேலே முக்கால் அங்குல கான்கிரீட் இருந்தால் பெரிய விஷயம். ஓர் அங்குலம் வெட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

போதாததற்குக் கடற்கரை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456படி கடல்காற்று நேராகப் படுகிற கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல் வேண்டும். அவ்வளவு வைத்துக் கட்டிய பழைய வீட்டை தண்டையார்பேட்டையில் நான் பார்த்ததில்லை. இருக்கிற மூடலையும் கீறிவிட்டால் உப்பு நேராகக் கம்பிக்குப் போகும்.

வியாசர்பாடி மேஸ்திரி
பார்த்தீர்களா தம்பி, இதைத்தான் சொன்னேன். தெரிந்தவர்களிடம் விட வேண்டும்.

தண்டையார்பேட்டை தினா
அண்ணே, எட்டாயிரம் கேட்டவர் பால்கனிக் காடியையும் சேர்த்துத்தான் விலை சொன்னார். "ரெண்டு மணி நேர வேலை" என்றார்.

பழைய ஃபிட்டர்
பால்கனி விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இரும்பைப் பற்றி எனக்குத் தெரியும், அது கான்கிரீட்டுக்குள் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று யோசிக்கவில்லை. சந்து விஷயத்தில் மாற மாட்டேன். மண்மேல் கிடக்கிற தரை, அது எதையும் தாங்கவில்லை.

மூன்றாம் மாடி
2021 டிசம்பரில் திருவொற்றியூரில் குடியிருப்பு இடிந்ததை மறந்துவிட்டீர்களா? 24 வீடு. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்னாடியே வெளியே வந்ததால் உயிர் பிழைத்தார்கள். வெட்டுவதே வேண்டாம் என்பேன்.

கம்பிக்கணக்கு
அதையும் இதையும் முடிச்சுப் போட வேண்டாம். அங்கே யாரும் மிஷின் வைத்து வெட்டியதாக நான் படிக்கவில்லை. ஆனால் அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் பில்லர், பீம், தளம் மூன்றிலும் கை வைக்கக் கூடாது. அது உங்கள் ஒருவருடைய வீடு இல்லை. செங்கல் சுவரில் வயருக்குக் காடி எடுப்பது வேறு. மேலிருந்து கீழாக என்றால் சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, படுக்கை வாக்கில் என்றால் ஆறில் ஒரு பங்கு, அதற்குமேல் ஆழம் கூடாது. மின்ட் பக்கம், ராயபுரம் பக்கம் சுண்ணாம்புச் சுவரும், மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளமும் உள்ள வீடு என்றால் மிஷினே வேண்டாம், கை உளிதான்.

தினா, பால்கனிக்கு வழி இருக்கிறது. மேலே இருக்கிற டைல்ஸையும் அடியில் உள்ள கலவையையும் மட்டும் கை உளியால் எடுங்கள், தளம் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதே கனத்துக்குள் வெளிப்பக்கம் வாட்டம் வைத்துப் புதிதாகப் போடுங்கள், பாரம் கூடக் கூடாது. கைப்பிடிச் சுவர் செங்கல்தானே? அதில் தரை மட்டத்தில் ஓட்டை போட்டு ஒரு பைப் சொருகுங்கள். தண்ணீர் அதன் வழியே போகட்டும்.

வியாசர்பாடி மேஸ்திரி
சந்தைப் பற்றி நான் ஒன்று கேட்கிறேன். தம்பி, உங்கள் வீட்டு ஈபி லைன் எந்தப் பக்கமாக உள்ளே வருகிறது?

தண்டையார்பேட்டை தினா
தெருவில் இருக்கிற பில்லர் பாக்ஸிலிருந்து பூமிக்கடியில்... அண்ணே, மீட்டர் போர்டு சந்துப் பக்கம்தான் இருக்கிறது.

வியாசர்பாடி மேஸ்திரி
அதுதான் விஷயம். மெயினை ஆஃப் செய்தாலும் அந்தக் கேபிளில் கரண்ட் இருக்கும், அது மீட்டருக்கு முன்னால் வருகிறது. உங்கள் ஆர்சிசிபிக்கும் அதைத் தெரியாது. ஐயா 31 வருடம் சொன்னார், மேடம் கம்பிக் கணக்கு சொன்னார், இதை யாரும் கேட்கவில்லை. சந்து வெட்டும்போது முதலில் நாங்கள் பார்ப்பதே இதுதான்.

பழைய ஃபிட்டர்
ஒப்புக்கொள்கிறேன். நல்ல கேள்வி.

தண்டையார்பேட்டை தினா
பதினைந்து நாள் கழித்து வருகிறேன். ஈபி ஆபீசில் எழுதிக் கொடுத்தேன், லைன்மேன் வந்து சாக்பீஸில் கோடு போட்டுக் காட்டினார். தெருப் பக்கத்து ஐந்து அடியில் கேபிள் எங்கள் பைப்புக்குக் குறுக்காகப் போகிறது. அந்த ஐந்து அடியில் மிஷினோ பிரேக்கரோ வைக்கவில்லை. கையால் மெதுவாகக் கொத்தினேன், இரண்டு நாள் ஆயிற்று. ஒன்றரை அடிக்குக் கீழே செங்கல் வரிசை வந்தது, அதன் அடியில் கேபிள். அதோடு நிறுத்தி, பைப்பை அதற்கு மேலாக வாட்டம் குறையாமல் கொண்டுபோனேன்.

மீதி ஒன்பது அடியை நானே வெட்டினேன். மூடியோடுதான். தம்பி பாட்டில் பிடித்தான். ஓரிடத்தில் திடீரென்று தீப்பொறி வந்தது, நிறுத்திப் பார்த்தால் அப்பா போட்ட கோழிவலைக் கம்பி. மூன்று சட்டி சேறு வாரினேன். பால்கனியைத் தொடவில்லை, மழை முடியட்டும். மிஷின் பரணில் கிடக்கிறது, அம்மா இன்னும் அதை மன்னிக்கவில்லை.

வியாசர்பாடி மேஸ்திரி
அந்த ஐந்து அடிக்காவது ஆள் கேட்டிருக்கலாம் தம்பி. ரெண்டு நாள் வேலையை என் ஆள் அரை நாளில் முடித்திருப்பான்.

பழைய ஃபிட்டர்
எந்த லுங்கியில்?