குளக்கட்டுப் பாதை: கிறவலோ இன்டர்லொக்கோ?

கரைச்சியான்
கிளிநொச்சிக் குளக்கட்டை நடக்கிறவைக்கும் சைக்கிள்காரருக்கும் ஏத்த மாதிரித் திருத்தி, ஏ9 வீதியோட சேர்க்கச் சொல்லி பிரதேச சபைக்கு எழுதப் போறம். இன்டர்லொக் கல் பதிக்கலாமோ, கிறவல் (சரளை மண்) காணுமோ? அகலம் எவ்வளவு? நிழலுக்குக் கட்டில மரம் வைக்கலாமோ?

துருசடி
முதலில கட்டு ஆரின்ர பொறுப்பு எண்டு பாருங்கோ. 80 ஹெக்டேயர் வயல் வரைக்கும் தண்ணி குடுக்கிற சின்னக் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. பெரிசெண்டா நீர்ப்பாசனத் திணைக்களம். அவையின்ர எழுத்து அனுமதி இல்லாமல் சபை ஒரு கல்லும் வைக்கேலாது. கமக்காரர் அமைப்பையும் கூப்பிடுங்கோ. வயலுக்குத் தண்ணி திறந்து விடுற துருசுக்குப் போற வழியை மறிச்சுப் போட்டா, அடுத்த போகத்தில பாதையைக் கிண்டித்தான் எடுப்பினம்.

மரம் கட்டில வேண்டவே வேண்டாம். வேர் செத்து உக்கினா அந்த ஓட்டையால தண்ணி கசியும். கசிவு மண்ணை அரிக்க அரிக்கக் கட்டு உடையும். மருதோ வேம்போ வைக்கிறதெண்டா வயல்பக்க அடிவாரத்தில இருந்து 5 மீற்றராவது தள்ளி வையுங்கோ. விளக்குக் கம்பத்துக்குக் கிண்டின குழியையும் அடுக்கடுக்கா இடிச்சு இறுக்கித்தான் மூடோணும்.

வீதிப்பக்கம்
அகலம் 3 மீற்றர். 2.5க்குக் கீழ போனா, எதிரெதிரா ரெண்டு சைக்கிள் வரேக்க நடக்கிற ஆள் சரிவிலதான் நிக்கோணும்.

என்ர தெரிவு கிறவல். கட்டு கொஞ்சம் கொஞ்சமா அமரும், பராமரிப்புக்கு உழவு இயந்திரமும் ஏறும். இன்டர்லொக் அதில அலை அலையா எழும்பும். போடத்தான் வேணுமெண்டா 60 இல்லை, 80 மி.மீ. கல், ரெண்டு கரையிலும் கொங்கிறீற் விளிம்பு. கிறவலை ரெண்டு படையாப் போடுங்கோ, உருட்டின பிறகு ஒவ்வொண்டும் 75 மி.மீ. நிக்கோணும். காய்ஞ்ச கிறவல் இறுகாது: கையில பொத்திப் பிடிச்சா உருண்டையா நிக்கிற ஈரம் வேணும், விரலுக்குள்ளால தண்ணி வடிஞ்சா கூடிப்போச்சு. 3 மீற்றர் அகலத்துக்கு 10 சென்ரிமீற்றர் சரிவு, அதுவும் குளப்பக்கமா. அங்க கல் அடுக்கு இருக்குது. வயல்பக்கம் வெறும் மண். அங்கால தண்ணியை விட்டா ஒரு மாரியிலேயே வாய்க்கால் வெட்டிப் போடும்.

வாசலில வாகனத்தை மறிக்க நடுற கட்டைகளுக்கு இடையில 1.5 மீற்றர் விடுங்கோ. ஓட்டோ நுழைய ஏலாத அளவு வேணுமெண்டா 1.2க்கு இறக்கலாம், அதுக்கும் கீழ போகாதேங்கோ, சக்கர நாற்காலி திணறும். மோட்டார் சைக்கிளை எந்தக் கட்டையும் மறிக்காது. நடுக்கட்டை கழட்டிப் பூட்டுறதா இருக்கட்டும். சங்கிலி கட்டாதேங்கோ, இருட்டில சைக்கிள்காரர் கழுத்தோட மாட்டுப்படுவினம்.

கரைச்சியான்
நன்றி. குளம் நிரம்பினா மேலதிகத் தண்ணி வழியிற வானையும் ஏ9க்கு இறங்கிறதையும் என்ன செய்யிறது?

துருசடி
வானுக்குள்ள தூண் நட வேண்டாம். வெள்ளத்தில வாற செத்தையும் கொப்பும் அதில சிக்கி, குளத்து மட்டத்தை உயர்த்திப் போடும். ஒரே தாவலில நடைபாலம் போடக் காசில்லையெண்டா, கீழ் றோட்டால மாற்றுவழி காட்டி, ரெண்டு கரையிலும் படலை வையுங்கோ. வான் பாய்ஞ்சா பூட்டோணும். வேகமா ஓடுற அரையடித் தண்ணியே ஆளைச் சாய்க்கும்.

வீதிப்பக்கம்
இறக்கம் 20க்கு 1. கட்டு றோட்டை விட 2 மீற்றர் உயரமெண்டா 40 மீற்றர் நீளம் வரும். குளக்கட்டை வெட்டாமல் வெளியில மண் சேர்த்துத்தான் எடுக்கோணும். ஏ9 விளிம்புக்கு முன்னால 5 மீற்றர் சமதரையா விடுங்கோ, இல்லாட்டி பிறேக் பிடிக்காத சைக்கிள் நேரா பஸ்ஸுக்கு முன்னாலதான் போய் நிக்கும். மஞ்சள் கடவைக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குத் தனிக் கடிதம் குடுங்கோ, பிரதேச சபைக் கடிதத்தோட சேர்க்காதேங்கோ.