ஓபன்பொக்ஸைத் தெரிவு செய்தும் பழைய டெஸ்க்டொப்பே வருகிறது, உதவி தேவை

கேட்டவர், கொட்டாஞ்சேனை:
வணக்கம். எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் படிக்கிற சின்ன அறையில் பழைய கணினிகள் நான்கு இருக்கின்றன. ராம் 2 ஜிபிதான். டெபியன் 12 லினக்ஸும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டொப்பும் போட்டிருந்தேன். திணறுகிறது. அதனால் ஓபன்பொக்ஸ் என்ற இலேசான விண்டோ மேனேஜரை (ஜன்னல்களை மட்டும் கையாளும் புரோகிராம்) நிறுவி, அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையில் எக்ஸ்-விண்டோ-மேனேஜருக்கு அதையே தெரிவு செய்தேன். பிழை எதுவும் காட்டவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி எக்ஸ்எஃப்சிஇ வந்து நிற்கிறது. சாதாரண தரத்துக்கு ஐசிடி எடுக்கிற பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். எங்கே பிழை விட்டேன்?

பதில், வெள்ளவத்தை:
கட்டளை சரிதான் தம்பி, ஆனால் அந்த இடம் வரை டெபியன் போகவே இல்லை. இயல்பு செஷனை (லொகின் செய்ததும் திறப்பதை) தொடங்கும்போது முதலில் பயனரின் ஹோம் ஃபோல்டரில் .எக்ஸ்செஷன் ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் எக்ஸ்-செஷன்-மேனேஜரைத் தேடும். அதுவும் இல்லாவிட்டால்தான் நீங்கள் மாற்றிய எக்ஸ்-விண்டோ-மேனேஜர். எக்ஸ்எஃப்சிஇ இருக்கும்வரை அதுவே செஷன்-மேனேஜராக இருப்பதால், தேடல் இரண்டாவதிலேயே நின்றுவிடும். லொகின் திரையின் மேலே உள்ள செஷன் ஐகனை அழுத்தி ஓபன்பொக்ஸைத் தெரிவு செய்து பாருங்கள்.

கேட்டவர்:
வந்துவிட்டது அண்ணா, நன்றி! ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அக்கவுண்ட் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரேயடியாக மாற்ற வழி உண்டா?

பதில், வெள்ளவத்தை:
உண்டு. லொகின் திரையைக் காட்டுகிற புரோகிராம் லைட்டிஎம் என்றால், ஈடிசி அடைவில் லைட்டிஎம் ஃபோல்டருக்குள் லைட்டிஎம்.கொன்ஃப் ஃபைலை ரூட்டாகத் திறவுங்கள். சீட் பகுதியில் யூசர்-செஷன் என்ற வரி இருக்கும். முன்னால் உள்ள ஹாஷ் குறியை எடுத்துவிட்டு, சமக்குறிக்குப் பின் ஓபன்பொக்ஸ் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதுங்கள். எக்ஸ்செஷன்ஸ் ஃபோல்டரில் உள்ள ஃபைலின் பெயரும் அதுவும் ஒன்றாக இருக்கவேண்டும்.

பதில், தெஹிவளை:
இன்னொன்று. ஏற்கெனவே லொகின் செய்த பிள்ளைகளின் பழைய செஷனை லைட்டிஎம் நினைவில் வைத்திருக்கும். அவர்கள் ஒருமுறை கையால் மாற்றவேண்டும். ஓபன்பொக்ஸில் பெனல் கிடையாது, வெறும் திரையைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். டின்ட்2 என்ற பெனலை நிறுவி, ஓபன்பொக்ஸின் ஓட்டோஸ்டார்ட் ஃபைலில் அதைத் தொடங்க ஒரு வரி சேருங்கள், வரியின் முடிவில் ஆம்பர்சண்ட் குறியை மறக்கவேண்டாம். அப்புறம், பிரவுசர் தின்கிற ராமை ஓபன்பொக்ஸ் குறைக்காது. டெஸ்க்டொப் எடுக்கிற பங்குதான் மிச்சமாகும்.

கேட்டவர்:
முதல் கணினியில் செய்துவிட்டேன். புது அக்கவுண்ட் நேராக ஓபன்பொக்ஸுக்குப் போகிறது, பெனலும் வந்துவிட்டது. மற்ற மூன்றையும் போயா லீவில் செய்கிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.