டிஜே மிக்சரின் ஒலித்தரத்தைக் காதால் கேட்டுத் தேர்ந்தெடுத்த அனுபவங்கள்

பல ஆண்டுகளாக மேடையில் இசை கலந்து வருபவன் என்ற முறையில், மிக்சர் (பல பாடல்களின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) வாங்கப்போகிறவர்களுக்குப் பயன்படக்கூடும் என்று நம்பி, எனக்கு நேர்ந்த இரண்டு நிகழ்வுகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

என்னுடைய முதல் மிக்சரில், நிகழ்ச்சி சூடுபிடிக்கச் சூடுபிடிக்க ஒலி கரகரப்பாகிக்கொண்டே போகும். சிம்பலின் ஓசை மணலைத் தேய்ப்பது போலக் காதில் விழும். பேஸ் அதன் கனத்தை இழந்து தட்டையாகிவிடும். ஸ்பீக்கரைச் சந்தேகித்தேன், கேபிள்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், எதனாலும் பயனில்லை. பிறகு ஒரு நாள், ஆள் இல்லாத அரங்கில் ஒரே பாடலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சேனலின் (பாடல் மிக்சருக்குள் வரும் தனிப் பாதை) கெயினை, அதாவது உள்ளே வரும் ஒலியை உயர்த்தும் அளவை, சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டும், குறைந்த அளவை ஆம்ப்ளிஃபையரில் ஈடுகட்டிக்கொண்டும் கேட்டேன். சேனல் மீட்டரின் சிவப்பு விளக்கு அணைந்த அந்தப் புள்ளியில் சிம்பல் தெளிந்துவிட்டது. மின்சுற்று தாங்கக்கூடிய அளவை அலை தாண்டும்போது அதன் உச்சி வெட்டுப்படுகிறது. அப்படி வெட்டுப்பட்ட அலை, மூலப் பாடலில் இல்லாத உயர் அதிர்வெண்களைத் தன்னுடன் சேர்த்துக்கொள்கிறது. சேனலில் வெட்டுப்பட்டதை இறுதியாக வெளியே போகும் ஒலியின் அளவை மாற்றும் மாஸ்டர் குமிழைக் குறைப்பதால் மீட்டெடுக்க முடியாது. ஆகவே, சேனலுக்கு ஒரு மீட்டர் தனித்தனியே இல்லாத மிக்சரை நான் பரிந்துரைப்பதே இல்லை. மாஸ்டருக்கு மட்டும் மீட்டர் வைத்திருக்கும் கருவியில், பழுது எங்கே நேர்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது நிகழ்வு, அடுத்த மிக்சரைத் தேர்ந்தெடுக்கும்போது நடந்தது. இரண்டு கருவிகளை ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றி இணைத்துக் கேட்டபோது, ஒன்று மிகவும் உயிரோட்டமாகவும் மற்றொன்று சோர்வாகவும் ஒலித்தன. முடிவெடுத்துவிட்ட நிலையில், உடன் வந்திருந்த ஒலிப் பொறியாளர் என்னைத் தடுத்து, 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரால் இரண்டின் அவுட்புட்டையும் அளந்தார். ஒன்றில் 1.4 வோல்ட், மற்றதில் 1.2 வோல்ட். அதாவது, சற்றேறக்குறைய 1.3 டெசிபல் வேறுபாடு. இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் காது பெரும்பாலும் ‘சத்தம் கூடியிருக்கிறது’ என்று உணர்வதில்லை. ‘தரம் கூடியிருக்கிறது’ என்றே எடுத்துக்கொள்கிறது. அளவைச் சமப்படுத்திக் கேட்டபோது, சோர்வாக ஒலித்த கருவியில்தான் பாடகியின் மூச்சும் எதிரொலி தேய்ந்து மறையும் விதமும் முழுமையாகக் கேட்டன. அதையே வாங்கினேன், இன்றும் அதையே பயன்படுத்துகிறேன்.

பேஸ், மிட், ட்ரெபிள் ஆகியவற்றைத் தனித்தனிக் குமிழ்களால் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேஸ் குமிழை முழுவதும் இடப்புறம் திருப்பினால் சில மிக்சர்களில் 26 டெசிபல் அளவுக்குக் குறைந்து, அடியில் ஒரு முனகல் மிஞ்சும். ஐசொலேட்டர் வகையில் அந்தப் பகுதி முற்றிலும் மறையும். இரண்டில் எது வேண்டும் என்பது கலக்கும் பாணியைப் பொறுத்தது. ஆனால் மூன்று குமிழ்களும் நடுவில் இருக்கும்போது பாடல் நிறம் மாறாமல் வருகிறதா என்பதை எந்தப் பாணியினரும் கேட்டே தீர வேண்டும்.

—

மேலே எழுதிய நண்பர் கணினியிலிருந்து வாசிப்பவர் என்று எண்ணுகிறேன். நான் இசைத்தட்டு வைத்து வாசிப்பவன். எனக்கு மிக்சரின் தரம் என்பது முதலில் டர்ன்டேபிளை இணைக்கும் அதன் ஃபோனோ இன்புட்டின் தரம்தான். மூவிங் மேக்னெட் வகைக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவைக் காந்தத்தால் மின்சமிக்ஞையாக்கும் பகுதி) தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் மட்டுமே. சிடி பிளேயர் தருவதோ அதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. போதாக்குறைக்கு, இசைத்தட்டில் பேஸ் குறைத்தும் ட்ரெபிள் கூட்டியும் வெட்டப்பட்டிருப்பதால், மிக்சர் அதை ஆர்ஐஏஏ வளைவு என்ற பொதுத் தர அளவின்படி நேராக்க வேண்டும். 20 ஹெர்ட்ஸில் மட்டும் ஏறத்தாழ 20 டெசிபல் உயர்த்த வேண்டியிருக்கிறது. பேஸை இவ்வளவு உயர்த்தும்போது அங்கே ஒளிந்திருக்கும் உறுமலும் சேர்ந்தே உயரும்.

நான் முன்பு வைத்திருந்த மிக்சரில் எந்நேரமும் ஓர் உறுமல் இருந்தது. பல வாரங்கள் கழித்துத்தான், டர்ன்டேபிளின் எர்த் வயர் மிக்சரின் பின்புறத் திருகில் சரியாக இறுகாமல் வெறுமனே தொட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன். திருகியதும் உறுமல் நின்றது. ஆனால் அதற்கு அடியில் இருந்த ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் நிற்கவில்லை. அது அந்த ஃபோனோ சுற்றின் இயல்பு. அன்றிலிருந்து எந்த மிக்சரைப் பார்க்கப் போனாலும், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஊசியைத் தட்டில் வைக்காமலேயே ஃபோனோ சேனலின் ஒலியளவை மாற்றும் ஃபேடரை முழுவதும் உயர்த்தி, ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்கிறேன். ஒலியே இல்லாத அந்த ஒரு நிமிடத்தில் தெரியும் குறை, பாடல் ஓடும்போது தெரியாது.

—

இருவரும் உள்ளே வரும் ஒலியைப் பற்றி எழுதியிருப்பதால், வெளியே போகும் ஒலியைப் பற்றி மட்டும் சுருக்கமாக எழுதுகிறேன். ஆர்சிஏ (பேலன்ஸ்டு அல்லாத இணைப்பு) அவுட்புட் மட்டுமே உள்ள ஒரு மிக்சரை, தொலைவில் இருந்த ஸ்பீக்கர்களுக்கு நீண்ட கேபிளால் இணைத்து வந்தேன். மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியவுடன் உறுமல் கிளம்பும், எடுத்தவுடன் அடங்கும். பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் அவுட்புட் உள்ள மிக்சருக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்எல்ஆரில் ஒரே ஒலி நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் செல்கிறது; வழியில் இரண்டிலும் ஒன்றுபோல் ஏறும் இரைச்சல், மறுமுனையில் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது.

டிஜிட்டலா அனலாகா என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். 96 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் பயனியர் டிஜேஎம்-900 நெக்ஸஸ் 2 மிக்சரிலும், நான்கு பட்டை ஈக்வலைசர் கொண்ட அனலாக் மிக்சரான ஆலன் அண்டு ஹீத் எக்ஸோன் 92-இலும் வாசித்திருக்கிறேன். அளவோடு ஓட்டினால் இரண்டுமே நன்றாக ஒலிக்கின்றன. அளவு மீறும்போதுதான் குணம் வேறுபடுகிறது: அனலாக் சுற்று பெரும்பாலும் சிறிது சிறிதாகக் கரகரக்கத் தொடங்கும்; டிஜிட்டலில் உச்ச எல்லையைத் தாண்டிய மறுகணமே வெட்டு விழும். ஆகவே நேரில் கேட்கப் போகும்போது, நீங்கள் வழக்கமாக வாசிக்கும் பாடல்களில் மிக அதிகச் சத்தமாக மாஸ்டரிங் செய்யப்பட்ட ஒன்றையும் கொண்டுசெல்லுங்கள்.