அம்மாவின் புகுந்த வீடு யூத வீடு: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அப்பா போய்ச் சில வருடங்கள் கழித்து அம்மா மறுமணம் செய்துகொண்டார். அம்மாவின் புதுக் கணவர் நியூஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்த யூதர். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நாலு பேர் முன்னிலையில் முடிந்துவிட்டதால், அவருடைய சொந்தபந்தங்களை நானும் தம்பியும் மொத்தமாகப் பார்த்தது அவருடைய தங்கை மகளின் பாட் மிட்ஸ்வாவில்தான்.

தெரியாதவர்களுக்கு: ஆண் பிள்ளைக்கு 13 வயதில் பார் மிட்ஸ்வா, பெண் பிள்ளைக்கு 12 அல்லது 13இல் பாட் மிட்ஸ்வா. அன்று முதல் மதக் கடமைகளுக்குப் பிள்ளையே பொறுப்பு. பெண் பிள்ளை சபை நடுவே நின்று தோரா, அதாவது யூத வேதம், வாசிப்பது அப்படியொன்றும் பழைய வழக்கமில்லை. அமெரிக்காவில் அதைத் தொடங்கி வைத்தவர் மோர்தெகாய் கப்லான் என்ற ரப்பி (யூத மதகுரு), 1922இல் நியூயார்க்கில், தன் மகள் ஜூடித்துக்காக. நம் ஊரில் கிட்டத்தட்ட அதே வயதில் சடங்கு வைத்து, பட்டுச்சேலை கட்டி, தலை குனிந்து உட்கார வைக்கிறோம். இவர்கள் மேடையேற்றி, பேசு என்கிறார்கள். எது தேவலை என்று சொல்லாமல் நழுவலாம் என்று பார்த்தேன். சொல்லியே விடுகிறேன்: இவர்களுடையதுதான்.

விழா சனிக்கிழமை. ஆனால் முந்தின நாள் வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கே அவருடைய பெற்றோர் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஜனவரி மாதம், நாலரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. அவர்களுடைய ஓய்வுநாள் வெள்ளி மாலையே தொடங்கிவிடும், அதனால் சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது மெழுகுவத்தி ஏற்றிவிட வேண்டும் என்பது கணக்கு. பாட்டி ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் தாத்தா எழுந்து பேரப்பிள்ளைகள் தலையில் வரிசையாகக் கை வைத்து ஆசீர்வதித்தார். பெண்கள் என்றால் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போல இருக்க வேண்டும் என்று. பையன்கள் என்றால் எப்பிராயீம், மனாசே போல. ஏழெட்டுப் பேர் முடிந்து, எங்களைத் தாண்டிப் போவார் என்று நான் நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டேன். மனிதர் தாண்டவில்லை. அடுத்த தலை என்னுடையது, அதற்கடுத்தது தம்பியுடையது. ஒரு நொடி தயக்கமில்லை, விசேஷமான சிரிப்பும் இல்லை. முடித்துவிட்டு நேராக ஒயின் கோப்பையைத் தூக்கிவிட்டார்.

அப்புறம் எல்லோரும் எழுந்து போய்க் கை கழுவி வந்தார்கள். கழுவிய பிறகு ரொட்டியைப் பிட்டு வாயில் போடும்வரை பேசக் கூடாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அம்மா மட்டும், “குளிர் ரொம்ப இருக்கோ? ஹீட்டர் போட்டிருக்கா?” என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போக, இருபது பேரும் உதட்டை மூடிக்கொண்டு ம்ம், ம்ம் என்றார்கள். பின்னல் போட்ட ஹல்லா ரொட்டியில் உப்பைத் தொட்டு விழுங்கியதுதான் தாமதம், மொத்த மேசையும் வெடித்துச் சிரித்தது.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. அது கோஷர் வீடு, அதாவது யூத உணவு விதிகளைக் கடைப்பிடிக்கும் வீடு. இறைச்சியையும் பாலையும் சேர்க்க மாட்டார்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கரண்டி, தனி அலமாரி. இரண்டிலும் சேராத காய்கறிச் சமையலுக்கு மூன்றாவதாக ஒரு செட். அம்மா சைவம் என்பதால் பாட்டி அந்த மூன்றாம் வகைச் சட்டியில் சூப் தனியாக வைத்திருந்தார். இரண்டு பேரும் அடுக்களையில் ஐந்து நிமிடத்தில் ஒட்டிக்கொண்டார்கள். எங்கள் ஆச்சியும் அசைவச் சட்டியைப் பின்கட்டில் தனியாக வைத்திருந்தவர்தான். அதனால் அம்மாவுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அம்மா பால் விட்டுக் காபி கேட்டார். இறைச்சி சாப்பிட்டால் பல மணி நேரத்துக்குப் பால் கிடையாது. ஆனால் அம்மா இறைச்சியே தொடவில்லையே? “அவங்களுக்குக் கொடுக்கலாம்” என்றார் ஒரு பெரியப்பா. “மேசையில் இறைச்சி இருக்கிறதே” என்றார் அத்தை. “விரிப்பு வேறாக இருந்தால் போதும்” என்று இன்னொருவர். “காபிக் கோப்பை எந்த அலமாரியிலிருந்து வருகிறது, அதைச் சொல்லுங்கள் முதலில்” என்று தாத்தா. ஒருவர் எழுந்து போய்த் தடிமனான புத்தகமே எடுத்துவந்துவிட்டார். அம்மா, “ஐயோ, காபியே வேண்டாம்” என்று கையெடுத்துக் கும்பிட்டும் எவரும் கேட்கவில்லை. கடைசியில் ஜன்னலோரம் ஒரு குட்டி மேசை போட்டு, தனி விரிப்பு விரித்து, பால் அலமாரிக் கோப்பையில் காபி வந்தது. ஓய்வுநாளில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பதால் முன்னமே கொதிக்கவைத்த வெந்நீரில் கலந்த இன்ஸ்டன்ட் காபி. படு சுமார் என்று அம்மா என் காதில் மட்டும் சொன்னார். ஆனால் அவ்வளவு நேரமும் யாரும் அம்மாவை ‘விருந்தாளி, போனால் போகிறது’ என்று விடவில்லை பாருங்கள். தங்கள் சட்டத்துக்குள் அவருக்கு என்ன இடம் என்று மல்லுக்கட்டித் தீர்மானித்தார்கள். இந்தக் குடும்பத்தில் உன்னோடு வாதாடினால் உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். அன்பாகப் பேசுவதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம்!

மறுநாள் ஜெப ஆலயத்தில் அந்தப் பெண் வாசித்தது ஆதியாகமத்தின் கடைசிப் பகுதி. யாக்கோபு தன் பேரன்கள் எப்பிராயீம், மனாசே இருவரையும் ஆசீர்வதிக்கும் இடம் அதில்தான் வருகிறது. தோரா எழுதிய தோல் சுருளைக் கையால் தொட மாட்டார்கள். நுனியில் சின்ன விரல் வைத்த வெள்ளிக் குச்சியால் வரி வரியாகத் தொடர்ந்து, ராகம் போட்டு வாசித்தாள். சுருளில் உயிர்க்குறிகளும் இல்லை, ராகக் குறிகளும் இல்லை, எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். பிறகு பேசும்போது யாக்கோபையே பிடித்து உலுக்கிவிட்டாள். யோசேப்பு என்ற ஒரு மகனை மட்டும் கொஞ்சியதால்தானே அண்ணன்கள் அவனை விற்றார்கள், அவ்வளவும் பட்ட பிறகு பேரன்களிலும் இளையவனுக்கு வலது கையைத் தூக்கி வைக்கிறாரே, இவருக்கு உறைக்கவே உறைக்காதா என்று. ரப்பி ஆனந்தமாகத் தலையாட்டினார். முடிந்ததும் எல்லோரும் அவள்மேல் மிட்டாய் வீசினார்கள். அதற்கென்றே மெத்தென்ற மிட்டாய் கொடுக்கிறார்கள். தம்பி கிரிக்கெட் பந்துபோல வீசினான், அது தனிக்கதை.

இரவு விருந்தில் பெற்றோரையும் அவளையும் நாற்காலியோடு தூக்கி ஹோரா ஆடினார்கள். கேக்கில் மெழுகுவத்தி ஏற்ற உறவினர்களை ஒவ்வொருவராக அழைக்கும்போது அம்மாவையும் எங்களையும் சேர்த்து ஒரு மெழுகுவத்திக்குக் கூப்பிட்டாள். தாய்மாமன் சீர் இல்லாமல் எப்படி என்று அம்மா தாம்பாளத்தில் பட்டுப் பாவாடை, கண்ணாடி வளையல், பழம், பூ எல்லாம் அடுக்கி, மாமன்காரரைத் தூக்கிவர வைத்தார். அவள் வளையலைப் போட்டுக்கொண்டுதான் மீதி ஆட்டம் ஆடினாள். இரண்டு உடைந்தன.

சரி, உங்களில் யாருக்காவது இப்படி உண்டா?

*

டொரண்டோவிலிருந்து:

எனக்குச் சித்தி வழியில். அப்பா இரண்டாவதாகக் கட்டினவர் யூதப் பெண். அவருடைய ஆட்கள் எல்லாரும் பேதர்ஸ்ட் வீதிப் பக்கம். முதன்முதலில் போனது பாஸ்கா இரவு விருந்துக்கு, செடர் என்பார்கள். அனுபவசாலியின் புத்திமதி: வீட்டில் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கோ. யூதர்கள் எகிப்திலிருந்து வெளிக்கிட்ட கதையை வாசித்து, பாடி, நடுவில் சண்டையும் பிடித்த பிறகுதான் சாப்பாடு. அதுவரைக்கும் உப்புத் தண்ணியில் தோய்த்த இலை, புளிக்காத மாவில் சுட்ட மட்சா, கண்ணில் நீர் வரவைக்கிற ஒரு காரக் கிழங்கு.

மேசையில் ஆக இளையவர்தான் ‘இந்த இரவு ஏன் வித்தியாசம்’ என்று நான்கு கேள்வி கேட்க வேண்டும். அந்த வருடம் சின்னப்பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. இருபது வயதுப் பெடியன் நான்தான் ஆக இளையவன். ஹீப்ருவைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடினேன். ஒளித்துவைத்த மட்சாத் துண்டைத் தேடிப் பிடிக்கிற வேலையும் எனக்குத்தான். சோபாவுக்குக் கீழே கிடந்தது, பத்து டொலர் தந்தார்கள்.

சித்தியின் பெரியம்மா போலந்திலிருந்து வந்தவர். அப்பாவிடம், ஊரைவிட்டு வெளிக்கிடும்போது என்ன எடுத்துக்கொண்டு வந்தாய் என்று கேட்டார். காணி உறுதி என்று அப்பா சொன்னார். அவர், நாங்கள் வீட்டுத் திறப்பை எடுத்து வந்தோம் என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் விடியப்புறம் மட்டும் கதைத்துக்கொண்டு இருந்தார்கள். எங்களுக்கு அப்பா ஒரு நாளும் சொல்லாத கதைகள் எல்லாம் அன்றைக்குத்தான் வந்தன.

*

கோவையிலிருந்து:

என் அக்காவும் இதேபோல மறுமணம் செய்தவர். அடுத்த மாதம் அவர் கணவரின் அண்ணன் பேரனுக்குப் பார் மிட்ஸ்வா. மொய் வைப்பதுண்டா? எவ்வளவு? சேலை கட்டிப் போகலாமா?

*

நியூஜெர்சியிலிருந்து:

தாராளமாக உண்டு. நமக்கு 101, 501 மாதிரி அவர்களுக்கு 18இன் மடங்கு: 36, 54, 180 என்று. ஹீப்ரு எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு, ‘உயிர்’ என்ற சொல்லின் கூட்டுத்தொகை 18. ஆனால் சனிக்கிழமை காலை ஆலயத்துக்குக் கவரைக் கொண்டுபோகாதீர்கள், அன்று பணம் தொட மாட்டார்கள். இரவு விருந்தில் கொடுங்கள். உள்ளே போட்டோ எடுப்பதையும் பெரும்பாலும் விரும்ப மாட்டார்கள். போனைப் பையிலேயே வைத்திருப்பது நல்லது.

சேலை தாராளமாகக் கட்டலாம், தோளை மூடுகிற மாதிரி இருந்தால் சரி. ஆண்களுக்கு வாசலில் கூடையில் கிப்பா என்ற சின்னத் தொப்பி இருக்கும், எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூடவே இரண்டு கொண்டை ஊசியும் கொண்டுபோங்கள். வழுக்கை என்றால் நிற்கும், அடர்த்தியான முடி என்றால் வழுக்கிக்கொண்டே இருக்கும். தம்பி அன்று காலை முழுக்கத் தலையில் கை வைத்துக்கொண்டேதான் நின்றான்.