வாரம் பெர்சி ஊரைக் காலி செய்தது கொள்ளைநோயா, ஆடுகளா?

கேள்வி (பள்ளிப்பட்டு):
எங்கள் கடலைக்கொல்லைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, நத்தமேடு என்று ஒரு திட்டு இருக்கிறது. காலரா வந்து அங்கிருந்த ஊரே காலியானதாகப் பாட்டி சொல்வார். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சியும் 1348-49 கொள்ளைநோயில் அழிந்ததாக ஒரு காணொளியில் கேட்டேன். அது உண்மையா? அங்கே இன்று என்னதான் மிஞ்சியிருக்கிறது?

பதில் 1:
நோய் பலரைக் கொண்டுபோனது உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அங்கே குடியிருந்து உழுதார்கள். ஆள் குறைந்து கூலி ஏறிய காலத்தில், கம்பளிக்கு நல்ல விலை கிடைத்ததால், ஏர் பூட்டுவதைவிட ஆடு விடுவதே லாபம் என்று நிலவுடைமையாளர் கணக்குப் போட்டார். 1500ஐ ஒட்டி, எஞ்சியிருந்த சில குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன.

மிஞ்சியதில் முதலில் கண்ணில் படுவது கூரையில்லாத புனித மார்ட்டின் தேவாலயம். அக்கம்பக்கத்து ஊரார் அதை 1949 வரை பயன்படுத்தினார்கள். கோபுரத்தின் ஒரு பகுதி 1959இல் சரிந்தது. ஊரில் தலைகள் குறையக் குறையப் பக்கக் கூடங்களை இடித்துவிட்டு, நடுவிலிருந்த வளைவுகளைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். அடைபட்ட வளைவுகள் இன்றும் சுவரில் அப்படியே தெரிகின்றன. என்னைக் கேட்டால், ஊர் தேய்ந்த கதைக்கு அந்தச் சுவரைவிட நல்ல சாட்சி இல்லை.

பதில் 2:
மேலே உள்ள பதிலோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மாரிஸ் பெரஸ்போர்டும் ஜான் ஹர்ஸ்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அங்கே அகழாய்வு நடத்த முடிந்ததற்குக் காரணம், குடிகளை விரட்டிய அதே ஆடுகள்தான். மேய்ச்சல் தரையானதால் ஊர் இருந்த இடத்தில் ஏர் படவில்லை. ஆகவே வீட்டுமனைகளின் எல்லைகள் வரப்புகளைப் போலவும், கால்களும் வண்டிகளும் தேய்த்த தெரு நீண்ட பள்ளமாகவும் புல்லுக்கடியில் தங்கிவிட்டன. சாய்வெயிலில் எடுத்த விமானப் படங்களில் அவற்றின் நிழல் துல்லியமாக விழுகிறது. நீங்களும் உழுத பக்கத்தை விட்டுவிட்டு, தரிசாகக் கிடக்கும் பக்கத்தைப் பொழுது சாயும் நேரத்தில் பாருங்கள்.

கேட்டவர்:
நேற்று மாலை போய்ப் பார்த்தேன், ஐயா. உழுத பக்கத்தில் பானை ஓடுகள் சிதறிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். தரிசுப் பக்கத்தில், ஆவாரஞ்செடிகளுக்கு நடுவே, கருங்கற்கள் ஒரே வரிசையாகச் சென்று ஓரிடத்தில் மூலை மடங்குகின்றன. அந்தப் பகுதியின் சொந்தக்காரர் எல்லைக்கு அப்பாலுள்ளவர். அடுத்த மாதம் ஜேசிபி வைத்துச் சமன் செய்யப்போகிறார். அதற்குள் படம் எடுத்துக்கொள்ள, எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் அவரிடம் அனுமதி கேட்கவிருக்கிறேன்.