மறு: அகலப்பட்டைச் சட்டக் கட்டுரை – "ஆதாய முரண்" சரிவருமா?

> கான்ஃபிளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்டுக்கு "நலமுரண்" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணக்கம். அமெரிக்க மாநிலங்களின் தொலைபேசி, அகலப்பட்டை (அதிவேக இணையம்) சட்டங்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையை நாம் தமிழாக்கும்போது எழுந்த கேள்வி இது. அந்தச் சொல் புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் இந்தக் கட்டுரையில் அதைப் போட்டுப் படித்தால் இடிக்கிறது. "உறுப்பினரின் நலமுரண்" என்றால் யாருடைய நலம், எதோடு முரண்படுகிறது? தொலைபேசி நிறுவனத்தின் பங்குகளை வைத்திருக்கும் ஒருவரோ, மனைவி அங்கே சம்பளம் வாங்கும் ஒருவரோ, அதே நிறுவனத்தின் மீதுள்ள விதிகளை எடுத்துவிடலாமா என்று சட்டமன்றத்தில் வாக்களிக்கும் நிலைமைக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். அமெரிக்க மாநிலங்களில் இது எப்போதாவது நடக்கிற காரியமும் இல்லை. வட கரோலினாவில் சாதாரண உறுப்பினருக்கு அடிப்படைச் சம்பளமே ஆண்டுக்கு 13,951 டாலர்தான், அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது, ஆகவே பெரும்பாலோருக்கு வேறு வேலையோ தொழிலோ இருந்தே தீரும். அங்கேதான் சிக்கல் பிறக்கிறது.

அதனால் "ஆதாய முரண்" என்று முன்மொழிகிறேன். கிரிக்கெட் வாரியச் செய்திகளில் "இரட்டை ஆதாயம்" என்று நாளிதழ்கள் எழுதி வாசகர்களுக்கு ஆதாயம் என்ற சொல் பழகியிருக்கிறது. ஆனால் இரட்டை என்பது இங்கே பொருந்தாது. பங்கு வைத்திருப்பவருக்கு ஆதாயம் ஒரு பக்கம்தான், மறுபக்கம் இருப்பது கடமை.

> நேரடியாக "ஊழல்" என்றே எழுதிவிடலாம் என்பது என் கருத்து. எதற்குப் பூசி மெழுகவேண்டும்?

தோழி, கோபம் புரிகிறது, ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கட்டுரையில் இல்லினாய் மாநிலத்தைப் பற்றி வரும் பகுதியைப் பாருங்கள். கேட்கும் எல்லோருக்கும் தரைவழித் தொலைபேசி கொடுத்தாக வேண்டும் என்ற கடமையிலிருந்து ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் விடுபட வழிசெய்யும் சட்டம் 2017இல் வந்தது, ஆளுநர் மறுத்துத் திருப்பி அனுப்பியும் சட்டமன்றம் மறுபடி வாக்களித்து நிறைவேற்றியது. பேரவைத் தலைவர் மைக்கேல் மேடிகனின் ஆதரவைப் பெறுவதற்காக, அவருக்கு வேண்டிய முன்னாள் உறுப்பினர் ஒருவருக்கு 22,500 டாலர் போய்ச்சேர ஏற்பாடு செய்ததாக அந்த நிறுவனத்தின் மாநிலப் பிரிவு 2022இல் ஒப்புக்கொண்டு, 2.3 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. மேடிகன் 2025இல் வேறு சில குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பானார், ஆனால் ஏடி அண்ட் டி தொடர்பான குற்றச்சாட்டில் ஜூரிகளால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. இதெல்லாம் லஞ்சம் என்ற கணக்கில் வருவது, நீதிமன்றம் பார்க்கவேண்டியது.

ஆதாய முரண் அதற்கு முந்தைய கட்டம். பங்கு வைத்திருப்பவர் காசு வாங்கவில்லை, பொய் சொல்லவில்லை, சொத்து அறிக்கையில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருக்கிறார், அப்படியும் அந்த வாக்கை மக்களால் முழுசாக நம்ப முடியாது. இந்த நிலைமையையும் "ஊழல்" என்று எழுதிவிட்டால் நிஜமான ஊழலைச் சொல்ல நமக்கு வார்த்தை இருக்காது, குற்றமே செய்யாதவரைக் குற்றவாளியாக்கிய பழியும் நம் மேல் வரும். பல மாநிலங்களில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: அந்தத் துறையில் இருக்கும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு மேல் உறுப்பினருக்கு ஆதாயம் கிடைக்காவிட்டால் அவர் வாக்களிக்கலாம். வாக்களிக்காமல் ஒதுங்குவதா என்பதும் பெரும்பாலும் அவர் மனசாட்சிக்கே விடப்படுகிறது. அப்படி ஒதுங்குவதைத் "தன்விலகல்" என்று சொல்லலாம். நீதிபதி வழக்கிலிருந்து விலகுவதற்கும் அது பொருந்தும். கட்டுரைத் தலைப்பில் உள்ள "பொட்டென்ஷியல்" என்பதற்கு "சாத்தியமான" வேண்டாமே, "வரக்கூடிய ஆதாய முரண்" என்றால் யாருக்கும் புரியும்.

அப்புறம் டீரெகுலேஷன், அதாவது நிறுவனங்கள் மீதுள்ள அரசு விதிகளை எடுத்துவிடுவது. "தளர்வு" என்றால் கொஞ்சம் இளக்கியது போல இருக்கிறது, இல்லினாயில் போனது முழுக் கடமை. "விதிநீக்கம்" என்றே வைப்போம். ஆனால் கட்டுரையாசிரியர் வட கரோலினாவின் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இதே தலைப்பில் அடக்குகிறார், அதை நான் ஏற்கவில்லை. வில்சன் நகரம் 2008இல் சொந்தமாக ஃபைபர் (கண்ணாடி இழை) இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது, கேபிள் நிறுவனங்கள் சட்டமன்றத்தில் முட்டி மோதி, நகரங்கள் இப்படிச் சேவை தருவதற்கு அடுக்கடுக்காக நிபந்தனை போடவைத்தன. ஆளுநர் கையெழுத்துப் போடாமலே அது சட்டமானது. தடைகளை அமெரிக்க மத்திய தகவல்தொடர்பு ஆணையம் 2015இல் செல்லாததாக்கியது, 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. பக்கத்தில் இருக்கும் பைன்டாப்ஸ் என்ற சிற்றூருக்கு வில்சன் அப்போதுதான் இணைப்பு கொடுத்திருந்தது, அந்த மக்கள் கைக்கு வந்த ஃபைபர் போய்விடுமோ என்று தவித்தார்கள். மறு ஆண்டு சட்டமன்றம் தனியாக விலக்கு கொடுத்த பிறகே சேவை தொடர்ந்தது. இதில் எந்த விதி நீங்கியது? நகரங்களின் தலையில் புதிதாக விதி ஏறியது. அந்த இடத்தில் "நகராட்சித் தடைச்சட்டம்" என்று மாற்றி, மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகக் காரணத்தையும் போட்டுவிடலாம்.

லாபியிஸ்ட், அதாவது நிறுவனங்களுக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்தித்து ஆதரவு திரட்டுபவர் என்பதற்குத் "தரகர்" போட்டிருக்கிறீர்கள். அங்கே அது பதிவு செய்துகொண்டு சட்டப்படி செய்யும் வேலை, ஆகவே இந்தச் சொல் கூடாது. "பரப்புரையாளர்" என்றால் தேர்தல் பிரசாரம் நினைவுக்கு வருகிறது. இதற்கு என்னிடம் நல்ல சொல் இல்லை, யாராவது சொல்லுங்கள்.